வீட்டிலேயே சாக்ஸபோனுக்குப் பேட் மாற்ற எந்தப் பேட்டை வாங்குவது?

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறச் சிறுநகரங்களில், கல்யாண இசைக்குழுக்களிலும் தேவாலயங்களிலும் சாக்ஸபோன் வாசிப்பவர்கள் இருக்கிறார்களே தவிர, அக்கருவியைப் பழுதுபார்க்கும் பட்டறையை எதிர்பார்க்க முடியாது. ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ கொண்டுபோனால், துளைகளை மூடித் திறக்கும் கீக்களின் அடியில் ஒட்டியிருக்கும் தோல் வட்டங்களான பேட்கள் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுக்கப் பல நூறு ரிங்கிட் ஆகிறது. பயன்படுத்திய பழைய ஆல்ட்டோ வகைச் சாக்ஸபோன் ஒன்றை விற்றால்கூடச் சில வேளைகளில் அவ்வளவு தேறாது. அதனால்தான், பித்தளை உடலும் கீக்களும் இன்னும் பல பத்தாண்டுகள் உழைக்கக்கூடிய நிலையில் இருந்தும், காற்றை அடைக்க வேண்டிய தோல் வட்டங்கள் காய்ந்து வெடித்துவிட்ட ஒரே காரணத்துக்காக எத்தனையோ நல்ல கருவிகள் அலமாரிக்கு மேலே கிடக்கின்றன. அண்மையில் ஓர் இளைஞர் தம் மாமாவின் யமஹா ஆல்ட்டோவை எடுத்துவந்து, “அண்ணே, இதுல கீழ்ச் சுரமே வரல, இரும்புக்குப் போட்டுரலாமா?” என்று கேட்டார். அந்தக் கருவியில் பேட்களைத் தவிர வேறு எந்தக் குறையும் இல்லை.

பேட்களை வீட்டிலேயே மாற்றலாம். பொறுமையும் சில எளிய கருவிகளும் போதும். ஆனால், வேலை நன்றாக அமைவதும் வீணாவதும் பெரும்பாலும் பேட் ஒட்டும் அரக்கை இளக்க அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே, பேட்களைத் தேர்ந்தெடுக்கும்போதே முடிவாகிவிடுகிறது. நான் வாங்கிப் பொருத்திப் பார்த்த மூன்று வகைகளைப் பற்றி, வாங்கப்போகிறவர்களுக்குப் பயன்படும்படி இங்கே எழுதுகிறேன்.

ஒரு பேட்டில் அடியில் ஓர் அட்டை, அதன்மேல் கம்பளி ஃபெல்ட், இவ்விரண்டையும் இழுத்து மூடிய மெல்லிய தோல், நடுவில் அவற்றைப் பிடித்திருக்கும் ரிவெட், பெரும்பாலான பேட்களில் அதனுடன் ஒலியைத் திருப்பியனுப்பும் சிறு வட்டத் தகடான ரெசோனேட்டர் ஆகியவை இருக்கும். ஆல்ட்டோவில் ஏறக்குறைய 25 பேட்கள் உள்ளன. ஆக்டேவ் கீயின் பேட் 10 மில்லிமீட்டரை ஒட்டியும், மணிவாய்ப் பக்கம் இருக்கும் பெரிய பேட்கள் 50 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கும். தோலைப் பார்த்தே எல்லோரும் பேட்டை மதிப்பிடுகிறார்கள். உண்மையில், காற்று அடைபடுமா என்பதைத் தீர்மானிப்பவை தோலுக்குள் மறைந்திருக்கும் ஃபெல்ட்டும் அட்டையும்தான். ஃபெல்ட் ஒரே தடிமனில், ஒரே அடர்த்தியில் இருக்கவேண்டும். அட்டை வளையாமல் தட்டையாக இருக்கவேண்டும். இவ்விரண்டும் சரியாக இருந்தால் சாதாரணத் தோல் போர்த்திய பேட்கூட நன்றாக அடைக்கும். சரியில்லாவிட்டால் எவ்வளவு உயர்ந்த தோலும் கைகொடுக்காது.

முதல் வகை, இணையச் சந்தைகளில் “ஆல்ட்டோ முழு செட்” என்று ஒரே நெகிழிப்பையில் வரும், தயாரிப்பாளர் பெயரே இல்லாத மலிவான பேட்கள். 50 ரிங்கிட்டுக்குள் கிடைப்பதால் இங்கே பலரும் முதலில் இதைத்தான் வாங்குகிறார்கள். பையைத் திறந்து பேட்களை ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் குப்புறப் பரப்பி, ஒவ்வொன்றின் விளிம்பையும் நகத்தால் மெதுவாக அழுத்திப் பார்த்தேன். பெரிய பேட்களில் பல ஒரு பக்கம் எழும்பி மறுபக்கம் தாழ்ந்து ஆடின. ஒரு பேட்டின் தோலைக் கத்தியால் கீறிப் பிரித்தபோது, அடியில் இருந்த அட்டை பிஸ்கட் பெட்டியின் அட்டையைப் போல மெலிந்து, விரலுக்குள் மடங்கியது. ஃபெல்ட் நெய்த துணியாக இல்லாமல் இழைகளை அழுத்திச் சேர்த்த சாம்பல் நிறப் பஞ்சாக இருந்தது. ஒரு விளிம்பு மறுவிளிம்பைவிடத் தடித்திருப்பது கண்ணுக்கே தெரிந்தது. இப்படிப்பட்ட பேட் துளையின் விளிம்பில் ஒரே நேரத்தில் முழு வட்டமாக உட்காராது. விரலால் இறுக்கி அழுத்தினால் அடைபடும். ஆனால் இறுக்கி அழுத்தி வாசித்துப் பழகிய கை, பிறகு எந்தக் கருவியிலும் வேகமாக ஓடாது. பிள்ளைகளுக்கு இதைப் போட்டுக் கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து; சுரம் வராததைத் தங்கள் குறையென்று நினைத்துக்கொண்டு வாசிப்பதையே விட்டுவிடுவார்கள்.

அந்த செட்டில் இன்னொரு பெரிய சிக்கலும் இருந்தது. பேட்களின் பின்புறம் எழுதியிருந்த அளவுக்கும் காலிப்பர் காட்டிய அளவுக்கும் பொருத்தமில்லை. விற்றவரிடம் கேட்டதற்கு “எல்லா ஆல்ட்டோவுக்கும் பொருந்தும்” என்று மட்டுமே பதில் வந்தது. எல்லா ஆல்ட்டோவுக்கும் பொருந்தும் பேட் தொகுதி என்று ஒன்று இருக்கவே முடியாது. பேட் உட்காரும் கிண்ணத்தைக் கீ கப் என்பார்கள்; யமஹாவின் கீ கப் அளவுகளும் தைவானில் செய்த ஜுப்பிட்டரின் அளவுகளும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரே நிறுவனத்தின் வெவ்வேறு மாடல்களிலும், வெவ்வேறு காலத்தில் செய்த ஒரே மாடலிலும்கூட அளவுகள் மாறலாம்.

ஆகவே, எந்த வகையை வாங்கினாலும் முதலில் அளக்கவேண்டும். பழைய பேட்டை அளப்பதில் பயனில்லை. வருடக்கணக்கில் ஈரமும் அழுத்தமும் பட்டு அது விரிந்தோ சுருங்கியோ போயிருக்கும். பேட்டை எடுத்து, கப்பின் உள்ளே ஒட்டியிருக்கும் பழைய அரக்கைச் சுரண்டித் துடைத்துவிட்டு, உள்விட்டத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்து, அதைவிட ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் குறைந்த பேட்டைக் கேட்கவேண்டும். நல்ல நிறுவனங்கள் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் பேட்களை விற்பதன் காரணம் இதுதான். பேட் கப்புக்குள் இறுகிக்கொண்டால் அதன் முகம் குவிந்துவிடும். தளர்வாக இருந்தால் சூடாக்கும்போது ஒருபக்கம் நழுவும். கப்புக்குள் தானாக விழுந்து, கையால் திருப்பினால் சுழலும் அளவே சரியான அளவு.

தடிமனைப் பற்றி இங்கே யாரும் கேட்பதே இல்லை, ஆனால் வீட்டில் பேட் மாற்றுவோர் மிகுதியாக அல்லற்படுவது இதனால்தான். கீ என்பது ஒரு ராடில், அதாவது கம்பி அச்சில், சுழலும் நெம்புகோல். அதன் முனையிலுள்ள கப், துளையின் விளிம்புக்கு இணையாக வரும் உயரம் ஒன்றே ஒன்றுதான். பேட் தடித்திருந்தால், ராடுக்கு அருகிலுள்ள பின்பக்கம் முதலில் விளிம்பைத் தொட்டு, முன்பக்கம் திறந்தே நிற்கும். மெலிந்திருந்தால் முன்பக்கம் முதலில் தொட்டுப் பின்பக்கம் ஒழுகும். சிறு வேறுபாட்டை அரக்கின் அளவால் சரிக்கட்டலாம். பெரிய வேறுபாட்டைச் சரிக்கட்ட வேண்டுமென்றால் கீயையே வளைக்கவேண்டும். அதைப் பழக்கமில்லாதவர்கள் செய்யக்கூடாது. இன்றைய கருவிகள் பெரும்பாலும் 4 மில்லிமீட்டரை ஒட்டிய தடிமனுக்கு அமைந்தவை. அமெரிக்க விற்பனையாளர்களின் பட்டியலில் இது 0.160 அங்குலம் என்று இருக்கும், 0.185 அங்குலம் என்றால் 4.7 மில்லிமீட்டர், அது வேறு வகைக் கருவிகளுக்கானது. பட்டியலில் தடிமனைக் குறிப்பிடாத விற்பனையாளரிடம் வாங்கவேண்டாம்.

இரண்டாவது வகை, இத்தாலியின் பிசோனி பேட்கள். உலகெங்கும் பழுதுபார்ப்போர் அன்றாடம் பயன்படுத்துபவை இவை. பிரித்துப் பார்த்தால் நெய்த ஃபெல்ட், விறைப்பான அட்டை, சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டிய தோல் என்று எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. கண்ணாடித் தகட்டில் பரப்பியபோது ஒன்றுகூட ஆடவில்லை. ஃபெல்ட் மிக இறுக்கமாகவும் இல்லை, மிக மென்மையாகவும் இல்லை. துளையின் விளிம்பு சற்றே ஏற்றத்தாழ்வாக இருந்தாலும் அதை ஏற்றுக்கொண்டு படியும் தன்மை அதற்கு இருக்கிறது. வீட்டில் வேலை செய்பவருக்கு இந்தப் பொறுமையுள்ள பேட்தான் மிகவும் தேவை, ஏனெனில் துளை விளிம்புகளைத் தட்டையாக அரத்தால் தேய்த்துச் சரிசெய்யும் கருவிகள் நம்மிடம் இருப்பதில்லை, இருந்தாலும் அந்த வேலையில் பித்தளை ஒருமுறை போனால் திரும்ப வராது. மலிவு செட்டைவிடப் பல மடங்கு விலை அதிகம்தான். ஆனாலும், பட்டறைக்குக் கொடுக்கும் கூலியுடன் ஒப்பிட்டால் அது சிறு தொகை. எங்கள் நகரத்துக் கல்யாணக் குழுக்களில் வாசிப்பவர்களுக்கு இந்தப் பேட்களையே நான் பரிந்துரைக்கிறேன்.

மூன்றாவது, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள மியூசிக் மெடிக் நிறுவனம் கங்காருத் தோலால் செய்து விற்கும் ரூ பேட்கள். கங்காருத் தோலின் நார்கள் அடர்த்தியாகவும் பெரும்பாலும் மேற்பரப்புக்கு இணையாகவும் ஓடுவதால், மிக மெல்லியதாகச் சீவினாலும் எளிதில் கிழிவதில்லை. மெல்லிய தோல் துளையின் விளிம்பை நன்றாகத் தழுவும். விரல் வைத்தவுடன் கீ தெளிவாக நிற்பதை வாசிப்பவர் கையிலேயே உணரலாம். எனக்கு இவை மிகவும் பிடித்திருக்கின்றன. ஆனால் இவற்றின் ஃபெல்ட் விறைப்பானது; துளை விளிம்பில் இருக்கும் சிறு மேடுபள்ளத்தையும் இவை மன்னிப்பதில்லை. கீழே விழுந்து உடல் நசுங்கிப் பின் தட்டி நிமிர்த்திய கருவிக்கு இவற்றை வாங்குவது பணத்தை வீணாக்குவதாகும். நல்ல நிலையில் உள்ள உயர்தரக் கருவி, பொறுமையான கை, விளிம்புகள் தட்டையாக இருப்பதைக் கண்ணாடித் தகடு வைத்துச் சோதித்துவிட்ட உறுதி, இம்மூன்றும் இருப்பவர்களுக்கு இவை முதல்தரம்.

நம் தட்பவெப்பத்தை மறந்துவிட்டு இவ்வொப்பீட்டைச் செய்யக்கூடாது. இங்கே காற்றில் எப்போதும் ஈரம் மிகுந்திருக்கிறது. வாசித்து முடித்த கருவியைத் துடைக்காமல் பெட்டிக்குள் வைத்து மூடினால் தோலில் பூஞ்சணம் பிடிக்கும், கம்பளி ஃபெல்ட்டைப் பூச்சி அரிக்கவும் செய்யும். எல்லாப் பேட்களும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை என்பதைக் கவனித்தால் செலவைக் குறைக்கலாம். கருவி சும்மா இருக்கும்போது மூடியே இருக்கும் கீக்களில், அதாவது ஜி ஷார்ப், கீழ் சி ஷார்ப், கீழ் ஈ ஃபிளாட், இடதுகை உள்ளங்கைக் கீக்கள், வலப்பக்கத்துப் பக்கக் கீக்கள் ஆகியவற்றில், ஈரம் தோலுக்கும் விளிம்புக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு உலராமல் நிற்கும். ஜி ஷார்ப்பும் கீழ் சி ஷார்ப்பும் ஒட்டிக்கொண்டு திறக்க மறுப்பது இதனால்தான். உள்ளங்கைக் கீக்களோ வாய்க்கு மிக அருகில் இருப்பதால் மூச்சின் நீரை முதலில் வாங்குகின்றன. அவற்றின் தோல் கறுத்து வெடிப்பதை எல்லாப் பழைய கருவிகளிலும் பார்க்கலாம். இவை சிறிய பேட்கள்; விலையும் குறைவு. முழு செட்டும் உயர்ந்த வகையில் வாங்க இயலாதவர்கள், மூடியிருக்கும் இக்கீக்களுக்கு மட்டுமாவது நீர் புகாதபடி பதப்படுத்திய தோல் பேட்களை வாங்கவேண்டும். பவுடர் தூவிய தாளால் ஒட்டலைப் போக்கும் பழக்கம் வேண்டாம். பவுடர் ஈரத்துடன் கலந்து தோலில் படலமாகப் படிந்துவிடுகிறது. வாசித்து முடித்ததும் இக்கீக்களுக்குக் கீழே ஒரு மெல்லிய உலர்ந்த தாளை வைத்து லேசாக மூடி ஈரத்தை எடுத்தாலே போதும். வாசிப்பதற்கு முன் தே தாரிக் என்னும் இனிப்புப் பால் தேநீர் குடித்தவர்கள் வாயைக் கொப்பளித்துவிட்டு ஊதவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஈரத்துடன் சர்க்கரையும் சேர்ந்தால் பேட் இன்னும் மோசமாக ஒட்டும்.

கர்நாடக இசையைச் சாக்ஸபோனில் வாசிப்பவர்களுக்கு இந்த ஒட்டல் இன்னும் பெரிய இடையூறு. கத்ரி கோபால்நாத் அக்கருவியைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்து நிலைநாட்டிய பிறகு, நம் கோயில் திருவிழாக்களிலும் திருமணங்களிலும் அதற்கு ஓர் இடம் கிடைத்தது. கமகம் வாசிக்கக் கீயை முழுவதும் திறக்காமல் பாதியில் நிறுத்திச் சுரத்தை வழியவிட வேண்டியிருக்கிறது. ஒட்டும் பேட் சட்டென்று பிய்த்துக்கொண்டு திறக்கும்போது அந்த வழிவு உடைந்துவிடும். அப்படி வாசிப்பவர்கள் தோலின் தரத்தில் சமரசம் செய்துகொள்ள வேண்டாம்.

தோல் என்றவுடன், கோயிலில் வாசிக்கும் கருவியில் என்ன தோல் இருக்கிறது என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். சாக்ஸபோன் பேட்களுக்குப் பெரும்பாலும் ஆட்டுத்தோல்தான் பயன்படுகிறது. ரூ பேட்களில் கங்காருத் தோல். ஐயமிருப்பவர்கள் வாங்கும்போதே விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

ரெசோனேட்டரைப் பற்றி நீண்ட விவாதங்கள் நடக்கின்றன. உலோகம் பொருத்தினால் ஒலி பளிச்சென்று வரும், பிளாஸ்டிக் பொருத்தினால் சற்று மென்மையாக வரும் என்பார்கள். வேறுபாடு இருப்பது உண்மை. ஆனால் ஒழுகும் பேட்டில் எந்த ரெசோனேட்டரும் பயன் தராது. முன்பு இருந்த அதே வகையை, அதே அளவில் கேட்டு வாங்குவதே போதும். மிகப் பெரிய ரெசோனேட்டர் துளையின் விளிம்பில் இடித்தால் பேட் மூடவே மூடாது என்பதை மட்டும் நினைவில் கொள்ளவேண்டும். அமெரிக்காவின் பியூஷர் நிறுவனம் செய்த மிகப் பழைய கருவிகளில் ரெசோனேட்டர் கப்பின் நடுவிலுள்ள குமிழில் சொடுக்கி மாட்டும் வகையைச் சேர்ந்தது. அவற்றுக்கு ரிவெட் உள்ள பேட்களை வாங்கக்கூடாது.

பேட்டுடன் சேர்த்து வாங்கவேண்டியது ஷெல்லாக் அரக்கு. குச்சியாகவோ செதிலாகவோ கிடைக்கும். நகைப் பட்டறைகளில் இருக்கும் அரக்கில் செங்கற்பொடி போன்றவை கலந்திருக்கும், அது இதற்கு ஆகாது. தூய ஷெல்லாக்கே வேண்டும். சூட்டுப் பசைக் குச்சியைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். அதைக் கையாள்வது எளிது. ஆனால் ஆறிய பிறகும் ரப்பர்போல் நெகிழ்ந்துகொடுப்பதால் பேட்டின் முதுகுக்கு உறுதியான தாங்கல் கிடைப்பதில்லை. ஷெல்லாக் ஆறினால் கல்லாக நிற்கும். மீண்டும் சூடாக்கினால் இளகி, பேட்டைத் தேவையான பக்கம் சாய்க்க இடம் கொடுக்கும். அதை நடுவில் ஒரு பொட்டாக வைக்காமல், அட்டையின் பின்புறம் முழுவதும் மெல்லிய படலமாகப் பூசவேண்டும். சூடான கப்பில் பேட்டை வைத்து அழுத்தும்போது, விளிம்பைச் சுற்றிலும் தேன் நிறத்தில் ஒரு மெல்லிய கோடாக அரக்கு எட்டிப் பார்த்தால் அளவு சரியென்று பொருள். தோலின்மேல் வழிந்தால் அதிகம்.

சிறு பியூட்டேன் அடுப்பின் சுடரைக் கப்பின் பின்பக்கத்தில் நகர்த்திக்கொண்டே காட்டவேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் மெருகுப் பூச்சு கருகிவிடும். சில கீக்களில் விரல் வைக்கும் முத்துப்பொத்தான் கப்பின் மேலேயே இருக்கும். அவற்றை ஈரத்துணியால் மூடிவிட்டுப் பக்கவாட்டில் சூடு கொடுப்பது பாதுகாப்பானது. கீக்களைக் கழற்றிச் சுத்தம் செய்யப் பயன்படுத்திய எரிசாராயமோ லைட்டர் எண்ணெயோ அருகில் இருக்கவே கூடாது.

பேட் நன்றாக உட்கார்ந்ததா என்பதை ஊதிப் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம். கருவியின் உட்குழாயில் எல்இடி விளக்குக் கயிற்றை விட்டு, இருட்டறையில் கீயை மிக லேசாக மூடி, பேட்டைச் சுற்றி வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்கவேண்டும். அதன்பின், சிகரெட் சுற்றும் மெல்லிய தாளை விரற்கடை அகலத்தில் வெட்டி, பேட்டின் முன், பின், இடம், வலம் ஆகிய நான்கு பக்கங்களிலும் வைத்து இழுக்கவேண்டும். நான்கு பக்கமும் ஒரே பிடிப்பு இருக்கவேண்டும். இந்தச் சோதனையில் மலிவு செட்டும் பிசோனியும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பது கைக்கு உடனே தெரிந்துவிடும். மலிவுப் பேட்டில் முன்பக்கத்தைச் சரிசெய்தால் பின்பக்கம் தளரும், அதைச் சரிசெய்தால் இடப்பக்கம் தளரும். ஃபெல்ட்டின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுவதால் அந்த வேலைக்கு முடிவே வராது. பிசோனியில் ஒருமுறை சூடாக்கிச் சாய்த்தாலே பெரும்பாலும் நான்கு பக்கமும் பிடித்துக்கொள்கிறது. மேலிருந்து கீழாகவே இந்த வேலையைச் செய்துகொண்டு வரவேண்டும், ஏனெனில் குழாயின் மேற்பகுதியில் ஓரிடத்தில் ஒழுகினால் அதற்குக் கீழே உள்ள சுரங்கள் எல்லாமே கெடும். கீழ் பி ஃபிளாட் வரவில்லை என்று கீழ்ப் பேட்டை மாற்றிப் பயனில்லாமல் போவதற்குக் காரணம் பல நேரம் மேலேதான் இருக்கிறது.

இளைஞர் கொண்டுவந்த யமஹாவுக்குக் கப் அளவுகளை எடுத்து, பிசோனி பேட்களை 4 மில்லிமீட்டர் தடிமனில், பிளாஸ்டிக் ரெசோனேட்டருடன் தருவித்தோம்; மூடியிருக்கும் கீக்களுக்கு மட்டும் பதப்படுத்திய தோல். வெளிநாட்டிலிருந்து தருவிக்கும்போது அனுப்புச் செலவு பேட்களின் எண்ணிக்கையால் அதிகம் மாறுவதில்லை. ஆகவே, இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே பட்டியலாக எழுதி அனுப்புவது சிக்கனமானது. பட்டியலில் ஒவ்வொரு பேட்டுக்கும் கீயின் பெயர், விட்டம், தடிமன், ரெசோனேட்டர் வகை ஆகிய நான்கையும் எழுதவேண்டும். பெரிய பேட்களில் அளவு சற்றுக் கூடவும் குறையவும் ஒவ்வொன்று உபரியாகவும், உள்ளங்கைக் கீ அளவுகளிலும் ஜி ஷார்ப் அளவிலும் இரண்டிரண்டு உபரியாகவும் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது, ஏனெனில் அடுத்து மாற்றவேண்டியவை அவையாகத்தான் இருக்கும். மிஞ்சும் பேட்களைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன், முகம் கீழாக, ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல் வைக்கவேண்டும். பாரம் ஏறினால் நல்ல பேட்டும் வளைந்துவிடும்.